புளிப்பின் மகிமை

சென்ற வாரம் இப்பகுதியில் உப்பைப் பற்றிப் பேசினோம். உப்புக்கு அடுத்தபடியாக நம் அடுப்படியில் அதிகாரம் செலுத்துவது புளி. ஆகவே இவ்வாரம் புளிப்பைப் பற்றிப் பேசுவதே முறை.

‘ஆசிட்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வீடுகளில் எல்லோருடைய கண்ணும் எங்கே போகிறது? குளியலறை மூலையில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் சீசாவின் பக்கம் போகிறது. அடுப்பங்கரையில் இருக்கும் புளிப் பானையின் பக்கம் ஒருவர் கண்ணும் போவதில்லை. ஆனால் உண்மையில் இரண்டும் ஒரே குலம். ஒன்று முரட்டுப் பிள்ளை. மற்றொன்று சாதுப் பிள்ளை. அவ்வளவுதான் வித்தியாசம். இந்த உறவை அறியாதிருப்பதனால் நாம் இரண்டு வகையில் நஷ்டப்படுகிறோம். அஞ்சவேண்டிய இடத்தில் அஞ்சுவதில்லை. நம்பவேண்டிய இடத்தில் நம்புவதில்லை. இவ்விரண்டையும் சற்று விரிவாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயரைக் கவனிப்போம். ‘ஆசிட்’ என்பது புளிப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ‘அமிலம்’ என்பது அதே பொருளுள்ள ‘ஆம்லம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நம் முன்னோர் காரமாய்க் கடித்து எரிப்பனவற்றைத் ‘திராவகம்’ என்றும், புளித்த நீரைக் ‘காடி’ என்றும் வழங்கினார்கள். பெயர் எதுவாயினும் நாக்கு ஒன்றுதானே! எல்லாத் தேசத்தாரும் இப்பொருளை முதலில் நாக்கினாலேயே அறிந்தார்கள் என்பது தெளிவு.

பெயரைப் பற்றிப் பேசும்போது சேலத்துக்காரர்கள் சற்றுத் தலைநிமிர்ந்து கொள்ளலாம். ரஸாயனம், பௌதிகம் முதலிய சாஸ்திரங்களைத் தமிழில் சொல்ல முடியுமா என்று படித்தவர்களே சந்தேகப்பட்ட காலத்தில், 1916-ம் வருஷம் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேர்ந்து தமிழ்ச் சாஸ்திரப் பரிபாஷைச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். ரஸாயனம், பௌதிகம், தாவர நூல், வான நூல், கணிதம் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் ஆக்குவதே அச்சங்கத்தின் வேலை. ராஜாஜி பிற்காலத்தில் ‘திண்ணை ரஸாயனம்’ என்றே ஒரு புத்தகம் எழுதினார். திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ரஸாயனம் விளங்கவேண்டும் என்ற எண்ணம் அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. சொற்கள் அகராதியில் ஏறிவிட்டன. ஆனால் திண்ணைக்கு இறங்கி வந்தனவா என்பதுதான் கேள்வி.

அமிலம் என்றால் என்ன? ஸ்வீடன் தேசத்தில் ஷீலே என்ற மருந்துக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். புளிப்பான பொருள்களிலிருந்து அவற்றின் புளிப்புச் சத்தைத் தனித்தனியே பிரித்தெடுப்பதில் அவருக்கு இணை அவரே. திராட்சை மதுப் பீப்பாய்களின் அடியில் படியும் உப்பிலிருந்து அவர் பிரித்த டார்ட்டாரிக் அமிலமே நம் புளியம்பழத்துக்குப் புளிப்பைத் தருவது. 1780-ல் புளித்த பாலிலிருந்து லாக்டிக் அமிலத்தையும், 1784-ல் எலுமிச்சம் பழத்திலிருந்து சிட்ரிக் அமிலத்தையும் அவர் எடுத்தார். ரசமும் மோரும் ஊறுகாயுமாக நாம் தினந்தோறும் உண்பனவற்றின் உட்பொருளை, அவற்றை ருசி பாராத ஒருவர் எங்கோ பனி நாட்டில் கண்டறிந்தார் என்பது வியப்பல்லவா?

ஷீலே காலத்திலேயே பிரான்ஸ் தேசத்து லவாஸியே என்ற பேரறிஞர், புளிப்புக்கெல்லாம் காரணம் பிராணவாயுவே என்று கருதினார். அதனாலேயே அதற்கு ‘ஆக்ஸிஜன்’, அதாவது ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்று பெயரிட்டார். 1810-ல் இங்கிலாந்தின் டேவி, உப்புத் திராவகமாகிய ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பிராணவாயுவே இல்லை என்று காட்டிவிட்டார். புளிப்புக்குக் காரணம் ஹைட்ரஜனே என்று பின்னால் தெளிவாயிற்று. ஐரோப்பியர் வைத்த பெயரோ தவறாகவே நிலைத்துவிட்டது. நம்மவர்கள் வைத்த ‘பிராணவாயு’ என்ற பெயரில் அந்தத் தவறில்லை. அது உயிரைத் தாங்குகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இன்றைய விளக்கத்தைச் சுருக்கமாகச் சொன்னால், தன்னிடமுள்ள ஹைட்ரஜன் அணுவை அதன் மின்னூட்டத்தோடு பிறருக்குக் கொடுத்துவிடும் பொருளே அமிலம். தாராளமாய்க் கொடுப்பது வல்லமிலம். கணக்குப் பார்த்துக் கொடுப்பது மெல்லமிலம். கந்தகத் திராவகம் முதல் வகை. புளியும் எலுமிச்சையும் இரண்டாம் வகை. அமிலத்தின் குணத்தை அடக்கும் எதிர்ப்பொருள் காரம். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் காரங்கள்.

புளிப்பை நாக்கால் அளப்பது எல்லா இடத்திலும் ஆகாத காரியம். 1909-ல் கோபன்ஹேகன் நகரத்தில், கார்ல்ஸ்பெர்க் என்னும் பீர்ச்சாலையைச் சேர்ந்த ஆராய்ச்சிக்கூடத்தில், ஸோரன்ஸன் என்பவர் ‘பி.எச்.’ என்ற அளவுகோலை வகுத்தார். சுத்த ஜலம் இதில் 7. அதற்குக் கீழே போகப்போக அமிலம். மேலே ஏற ஏறக் காரம். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மறக்கக்கூடாது. எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. தயிர் 4-க்குச் சற்று மேல். நம் ரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே. 1937-ல் மதுவிலக்கு முதன்முதலாக அமலுக்கு வந்த சேலம் ஜில்லாவின் பள்ளிக்கூடங்களிலும் அந்தப் பீர்ச்சாலையின் அளவுகோலையே சொல்லிக் கொடுக்கிறோம். அறிவு எங்கிருந்து வந்தாலும் அதற்கு விலக்கு ஏது?

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுமே என்று வீட்டிலுள்ளோர் மலைக்கவேண்டாம். கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கிறார்களே, அதுவே ஒரு ரஸாயனப் பரீட்சை. மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தவுடன் அது சிவந்து போகிறது. சுண்ணாம்பின் காரம் மஞ்சளைச் சிவக்கச் செய்கிறது. அந்தச் சிவப்பு நீரில் எலுமிச்சையைப் பிழிந்து பாருங்கள்; மறுபடியும் மஞ்சளாகும். செம்பருத்திப் பூவைக் கொதிநீரில் ஊறவைத்த சாறு இன்னும் நல்ல சாட்சி. அமிலம் பட்டால் ரோஜா நிறம். காரம் பட்டால் பச்சை. நம் பாட்டிமார் கையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வித்தை இது. ஆனால் பள்ளிக்கூடத்துப் பாடமும் பாட்டியின் கைவேலையும் புளியம்பழமும் ஓடும் போல ஒட்டாமலே இருந்து வருகின்றன.

இனி நம் சமவெளியைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம். சேலத்துக்கு வடக்கே, சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், வெள்ளை வெளேரென்று தோன்றும் கரடு ஒன்று உண்டு. அங்கே பூமியில் நரம்புபோல் ஓடும் வெள்ளைக் கல்லுக்கு மாக்னசைட் என்று பெயர். ரெயில் நிலையமொன்று அந்தப் பெயராலேயே வழங்குகிறது. கரட்டைச் ‘சாக்குக் குன்று’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்டார்களே தவிர, அந்தக் கல் சாக்கும் அன்று, சுண்ணாம்பும் அன்று. இதை எப்படிக் கண்டுகொள்வது? அமிலமே சொல்லும். நீர்த்த உப்புத் திராவகத்தில் ஒரு துளி விட்டால் சுண்ணாம்புக் கல் அப்பொழுதே நுரைத்துப் பொங்கும். மாக்னசைட்டோ குளிர்ந்த அமிலத்தை ஏறெடுத்தும் பாராது; பொடி செய்து சூடேற்றினால்தான் நுரைக்கும். பூமி நூலார் சிறிய சீசாவில் அமிலத்தை எடுத்துக்கொண்டு மலைமலையாய்த் திரிவதன் காரணம் இதுதான். கல்லின் வாயைத் திறக்கும் சாவி அது.

மேற்கே மேட்டூரில் 1934-ல் அணை கட்டி முடிந்தது. 1936-ல் அங்கே ரஸாயனத் தொழிற்சாலை ஒன்று நிறுவப்பட்டது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் காஸ்டிக் சோடாவும், குளோரின் வாயுவும், ஹைட்ரஜன் வாயுவும் பிரிகின்றன. பின்னிரண்டையும் சேர்த்து எரித்து நீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சென்ற வாரம் நாம் பேசிய உப்பிலிருந்து இந்த வாரத்துப் புளிப்புப் பிறக்கும் விதம் இதுவே.

ஒரு தேசம் தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே செய்துகொள்ளாத வரையில், அதன் உரமும் சாயமும் மருந்தும் பிறர் தயவிலேயே நிற்கும். இதை முதலில் உணர்ந்தவர் வங்காளத்து ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய். கல்லூரிப் பேராசிரியராக இருந்துகொண்டே, 1892-ல், கையிலிருந்த சொற்ப முதலோடு, பிற்காலத்தில் ‘பெங்கால் கெமிக்கல்ஸ்’ என்று புகழ்பெற்ற தொழிலை அவர் ஆரம்பித்தார். மருந்துகளோடு கந்தகத் திராவகமும் அங்கே செய்யப்பட்டது. பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை விட்டுப் புதியதொரு உப்பைக் கண்டு உலகத்தாரின் பாராட்டைப் பெற்றவரும் அவரே. சுதேசியம் என்பது கதரோடு நிற்பதன்று. சீசாவுக்குள்ளும் சுதேசியம் உண்டு என்று காட்டியவர் அவர்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசு செய்யும் பட்டறைகளைக் காணலாம். வெள்ளியை உரசிப் பார்க்கவும், துண்டு துணுக்குகளிலிருந்து அதை மீட்கவும் தட்டாருக்கு நைட்ரிக் அமிலம் வேண்டும். வெள்ளியும் செம்பும் அதில் கரையும், தங்கம் கரையாது. கரையும்போது பழுப்பு நிறமாய் ஒரு புகை எழும்புகிறது. நேயர்களில் யாரேனும் அத்தொழிலில் இருந்தால் இதைக் கவனிக்கவேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தவுடன் சிறிது இருமல் வந்து நின்றுவிடலாம். ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்குப் போனவருக்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவதுண்டு. ஆகையால் அந்த வேலையைத் திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்றுதான் செய்யவேண்டும். மூச்சு முட்டினால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் வட்டாரமெங்கும் மரவள்ளி பயிராகிறது. உலக யுத்த காலத்தில் கடல் கடந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் ஆரம்பமாயிற்று. இன்று பாயசத்துக்கும் வடகத்துக்கும் இந்தச் சீமையின் ஜவ்வரிசி பல மாகாணங்களுக்குப் போகிறது. இந்த மரவள்ளிக்குள்ளும் ஓர் அமிலம் மறைந்திருக்கிறது. கிழங்கை வெட்டினாலும் துருவினாலும் அதிலுள்ள ஒரு சத்துப் பிரிந்து ஹைட்ரோசயனிக் அமிலம் உண்டாகிறது. இது கொடிய விஷம். ஆனால் 26 டிகிரி வெப்பத்திலேயே ஆவியாகிவிடக்கூடியது. அதனால்தான் கிழங்கைத் தோலுரித்து, நறுக்கி, தண்ணீர் தாராளமாய் விட்டு, பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட வேண்டும். ஆலையில் அரைத்து, நீரில் அலசி, சூட்டில் வறுத்து, வெயிலில் காயவைப்பதனால் ஜவ்வரிசியில் அந்த விஷம் ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. ஆனால், வெள்ளையாய்த் தெரியவேண்டும் என்ற ஆசையால் சிலர் மாவுப்பாலில் கந்தகத் திராவகத்தையும் வெளுப்பு மருந்தையும் சேர்ப்பதுண்டு. வாங்குகிறவர் ‘பளீரென்று இருந்தால்தான் நல்லது’ என்று பிடிவாதம் பிடிக்கும் வரையில் விற்கிறவரும் வெளுக்கத்தான் செய்வார். சற்று மங்கலான ஜவ்வரிசியே இயற்கையானது என்பதைக் குடும்பப் பெண்மணிகள் மனத்தில் கொண்டால் பாதி வியாதி தீர்ந்துவிடும்.

வீட்டுச் சீசாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டுகிறவர்கள் உண்டு. இரண்டும் அழுக்கைப் போக்குமே, சேர்ந்தால் இரட்டிப்புப் பலனாகாதா என்பது அவர்கள் கணக்கு. சேர்ந்தால் பிறப்பது குளோரின் வாயு. முதல் உலக யுத்தத்தில் போர்க்களத்தில் விடப்பட்ட விஷவாயு அதுவே. கதவைச் சாத்திய குளியலறையில் அதை நாமே உண்டாக்கிக்கொள்வானேன்? திராவகத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் திராவகத்தைச் சிறிது சிறிதாக விடவேண்டுமேயன்றி, திராவகத்தில் தண்ணீரை விடலாகாது. விட்டால் சூடேறி முகத்தில் தெறிக்கும். மேலே பட்டுவிட்டால் வேறு பூச்சு ஒன்றும் தேடாமல், ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவதே முதற் சிகிச்சை.

முரட்டுப் பிள்ளையின் கதை இவ்வளவு போதும். இனி உயிரோடு அமிலத்துக்குள்ள உறவைப் பார்ப்போம். நாமக்கல் என்றால் இன்று முட்டை. முட்டை உண்ணாத நேயர்கள் பொறுத்தருள்க. நாம் சொல்லப்போவது சமையலன்று. ஒரு முட்டையை வினிகர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் போட்டு ஒரு நாள் வைத்திருங்கள். ஓட்டிலிருந்து குமிழி குமிழியாய் வாயு கிளம்பும். மறுநாள் பார்த்தால் ஓடு இல்லை. மெல்லிய சவ்வுக்குள் முட்டை ரப்பர்ப் பந்துபோல் இருக்கும். ஓடு பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து; அமிலம் அதைக் கரைத்துவிட்டது. சவ்வோ புரதம், அது அப்படியே நிற்கிறது. ஒன்றைக் கரைத்து மற்றொன்றைக் கரையாமல் விடுவது என்ற இந்த ஒரு குணத்தினாலேயே அமிலம் உயிர் நூலாருக்கு உளியாய்ப் பயன்பட்டது.

1824-ல் பிரௌட் என்ற ஆங்கில வைத்தியர், இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலமே என்று எழுதினார். குளியலறைச் சீசாவிலிருக்கும் அதே அமிலம் நம் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது என்பதை அன்று பலரால் நம்பவே முடியவில்லை. அங்கே பி.எச். 2-ஐ ஒட்டி இருக்கிறது. 1836-ல் ஷ்வான் என்பவர் கண்ட பெப்ஸின் என்ற செரிப்புப் பொருள் அந்தப் புளிப்பில்தான் வேலை செய்யும். உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதி அந்தப் புளிப்பிலேயே மடிகின்றன. இரைப்பைதானே ஏன் கரைந்து போகவில்லை என்றால், கோழை போன்ற ஒரு பூச்சு அதை மூடிக் காக்கிறது. உட்சுவரும் சில நாட்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகிறது.

இந்த அமிலத்தையும் பெப்ஸினையும் கொண்டே ஒரு பெரிய ரகசியம் வெளிப்பட்டது. 1869-ல் ஜெர்மனியில் டூபிங்கன் நகரத்தில் மீஷர் என்ற இளைஞர் ஆராய்ச்சி செய்துவந்தார். பழைய கோட்டை ஒன்றின் சமையலறையே அவர் வேலை செய்த ஆராய்ச்சிக்கூடம். பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து புண்ணுக்குக் கட்டிய சீழ்த் துணிகளை வாங்கிவந்து, சீழிலுள்ள உயிரணுக்களைக் கழுவியெடுத்தார். பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்ஸினையும் நீர்த்த உப்புத் திராவகத்தையும் விட்டு அவற்றிலுள்ள புரதத்தைக் கரைத்துவிட்டார். அணுவின் நடுவிலுள்ள கரு மட்டும் கரையாமல் நின்றது. அதில் பாஸ்பரஸ் மிகுதியாயிருந்த ஒரு புதுப்பொருளைக் கண்டு ‘நியூக்ளின்’ என்று பெயரிட்டார். அதுவும் ஓர் அமிலமே என்று தெரிந்து, 1889-ல் ஆல்ட்மன் என்பவர் ‘நியூக்ளிக் அமிலம்’ என்று வழங்கினார். பிறர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எறியும் துணியில், தகப்பன் முகமும் தாயின் குரலும் பிள்ளைக்கு வந்து சேரும் ரகசியம் எழுதியிருந்தது! 1944-ல் ஏவரியும் அவர் நண்பர்களும் பரம்பரைக் குணத்தைச் சுமப்பது இவ்வமிலமே என்று நிரூபித்தார்கள். 1953-ல் முறுக்கிய ஏணி போன்ற அதன் வடிவம் தெரியவந்தது.

இந்த வரலாற்றில் நம் நாட்டார் கைகட்டி நிற்கவில்லை. பஞ்சாபில் ஏழைக் கிராமமொன்றில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, நியூக்ளிக் அமிலத்தின் எழுத்துக்களை ரஸாயன முறையில் தாமே கோத்து அவற்றின் பொருளைப் படித்தவர். 1968-ல் நோபெல் பரிசு பெற்றவர். சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், அந்த எழுத்தைப் படித்து அமினோ அமிலங்களைச் சரமாய்த் தொடுக்கும் ரைபோஸோம் என்ற அணுப்பட்டறையின் அமைப்பைத் துலக்கி, 2009-ல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். படிப்பதற்குரிய ஏடும் அமிலம். அதன்படி கட்டப்படும் உடலின் செங்கற்களும் அமிலம்.

ஆயினும், இன்று நாம் முக்கியமாய் நினைவுகூர விரும்புவது மற்றொருவரை. 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லப்பிரகட சுப்பராவ் சென்னையில் படித்தவர். சென்னை மருத்துவக் கல்லூரி மாணாக்கர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனார். பேராசிரியராயிருந்த வெள்ளைக்காரருக்கு அது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், எம்.பி.பி.எஸ். என்ற முழுப் பட்டம் சுப்பராவுக்குக் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்ற சிறிய பட்டமே கிடைத்தது. 1925-ல் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைக் கண்ட திருச்செங்கோட்டுச் சீமையாருக்குக் கதருக்காகப் படும் கஷ்டம் இன்னதென்று சொல்லவேண்டியதில்லை.

அமெரிக்கா சென்ற சுப்பராவ், ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரஸை அளக்க, பிஸ்க் என்பவரோடு சேர்ந்து, 1925-ல் ஒரு முறையை வெளியிட்டார். அமிலங்களைச் சேர்த்து நீல நிறத்தை வரவழைத்து, அந்த நீலத்தின் அடர்த்தியைக் கொண்டு அளக்கும் முறை அது. தசை வேலை செய்யும்போது சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடையான ஏ.டி.பி. என்ற பொருளை அம்முறையின் துணையால் 1929-ல் பிரித்தெடுத்தார்கள்.

அவருடைய பெயரை நம் வீடுகளில் வைத்துப் போற்றவேண்டிய காரணம் வேறொன்று. 1928 முதல் பம்பாயில் லூஸி வில்ஸ் என்ற ஆங்கில மாது, பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் ரத்தசோகையால் மாள்வதைக் கண்டு ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மலிவான ஒரு சத்தைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். அதிலிருந்தது இன்னதென்று அப்பொழுது தெரியவில்லை. 1941-ல் அமெரிக்காவில் 4 டன் கீரையிலிருந்து அப்பொருளை எடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு ‘போலிக் அமிலம்’ என்று பெயரிட்டார்கள். இலையமிலம் என்று நாம் சொல்லலாம். டன் டன்னாய்க் கீரையை வாங்கி நோயாளிகளுக்குக் கொடுப்பது எப்படி? 1945-ல் சுப்பராவ் தலைமை வகித்த ஆராய்ச்சிக்கூடத்தில் அதை ரஸாயன முறையில் செய்து முடித்தார்கள். பம்பாய்ப் பஞ்சாலைப் பெண்ணின் வெளுத்த முகத்தில் தொடங்கிய கேள்விக்கு, சென்னையில் முழுப் பட்டம் பெறாத ஒருவரின் கூடத்தில் விடை கிடைத்தது. 1948-ல் அவர் நியூயார்க்கில் காலமானார்.

அந்த இலையமிலம் இன்று வாரம் ஒரு நாள் நம் பள்ளிக்கூடங்களுக்கு வந்து சேருகிறது. வளரும் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்தோடு சேர்த்து நீல நிற மாத்திரையாகக் கொடுக்கிறோம். பாடம் சொல்லும் தொழிலில் இருக்கும் நாம் காண்பதென்ன? மாத்திரையை வாங்கிக் கையில் மறைத்து, ஜன்னலுக்கு வெளியே எறிகிற பெண்கள் பலர். ‘வயிற்றைப் புரட்டுகிறது’ என்பார் சிலர். ‘வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்’ என்பார் பலர். மழை பெய்தபின் ஜன்னலடியில் மண் நீலமாய்க் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம்.

2019-க்கும் 2021-க்கும் இடையே எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் ரத்தசோகை உள்ளவர்கள். பெரும்பாலோருக்குக் குறை இரும்பில், சிலருக்கு இலையமிலத்தில். இலையமிலத்துக்கு இன்னுமொரு வேலை உண்டு. கருவிலுள்ள சிசுவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் குழாய், கரு உண்டான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ளவேண்டும். தாய்க்கே கர்ப்பம் தெரியவருமுன் அந்தக் காலம் கடந்து போகிறது. முன்னொரு குழந்தைக்கு இக்குறை நேர்ந்த தாய்மார் கருத்தரிக்குமுன்பே இலையமிலம் உட்கொண்டால், மறுபடி அக்குறை நேர்வது நான்கில் மூன்று பங்கு ஏறக்குறையக் குறையும் என்று 1991-ல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஆகவே கல்யாணமாகிக் கர்ப்பமானபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது காலங்கடந்த யோசனை.

பெற்றோர்கள் செய்யவேண்டியது அதிகமில்லை. மாத்திரை வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்டபின் கொடுங்கள். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம். அது இரும்பின் நிறம். மாத்திரையோடு காப்பியும் தேநீரும் ஆகா; அவை இரும்பை உடலில் சேரவொட்டாமல் தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய் முதலியன நல்லவை; அவற்றிலுள்ள அஸ்கார்பிக் அமிலம் இரும்பை உடலில் சேர்ப்பிக்கும். முருங்கைக் கீரையும் அரைக் கீரையும் மலிவாய்க் கிடைக்கும் சீமை இது. பெண்பிள்ளைகள் தட்டில் கடைசியாக மிஞ்சியதை விழச்செய்யும் வழக்கத்தை விட்டு, முதலிலேயே அவர்களுக்குப் பங்கு வையுங்கள்.

நம்பவேண்டிய இடத்தில் நம்புவதில்லை என்று முதலில் சொன்னது இதைத்தான். அரும்பாடுபட்டுத் தேடியெடுத்த பொருளை நம் வீட்டுப் பெண் ஜன்னல் வழியே எறிவது அறியாமையால். அவளுக்குப் புரியும் தமிழில் யாரும் எடுத்துச் சொல்லாததால். சேலத்தில் 1916-ல் சாஸ்திரச் சொற்களைத் தேடி உட்கார்ந்தவர்களின் வேலை இன்னும் முடியவில்லை. இந்த வாரம் மாத்திரை கொடுக்கும் நாளன்று, பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் மகளை, ‘விழுங்கினாயா, அம்மா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ‘எதற்கு?’ என்று அவள் திருப்பிக் கேட்டால் விடை சொல்லவே இவ்வளவும் எழுதினோம்.